ஓரணாக் காப்பி

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சுருளி பைக்குள்ளிருந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார். அவர் மனைவி மூக்கம்மாளுக்குச் செருப்பே கிடையாது. வெறுங்காலோடு இரண்டடி பின்னால் வந்தாள்.

பாலத்தை ஒட்டிக் காப்பிக் கடை வைத்திருந்த சங்கரலிங்கத்துக்கு இந்தக் கூத்து பழகிப்போனது. சந்தைக்குச் சந்தை பார்க்கிறார்.

"ஊர்லருந்து இம்புட்டுத் தூரமும் செருப்பப் பையில சொமந்துக்கிட்டு வருவான். போட்டு நடந்தா தேஞ்சுருமாம். காப்பி குடிக்க மட்டும் எதுத்த கடையில ஓரணாவக் குடுத்து அழுவான்" என்று வயிறெரிந்தார்.

அவர் கடையில் காப்பி அரையணாதான். எதிரே ஞானசிகாமணி கடையில் ஓரணா. இரண்டு கடைக்கும் ஒரே பால்காரன், ஒரே தூள். "கேப்பையில நெய் வடியுதுன்னா, கேக்குறவனுக்கு மதி எங்க போச்சு?" என்பார் சங்கரலிங்கம்.

காப்பியில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாசலில் யார் தலை தெரிந்தாலும் ஞானசிகாமணி எழுந்து நின்று 'வாங்க' என்பார். துண்டால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார். பித்தளை டம்ளரை இரண்டு கையாலும் நீட்டுவார், போகும்போது வாசல்வரை வந்து வழியனுப்புவார். ஒருமுறை வந்தவர் பெயரை மறக்கவே மாட்டார். கூடுதல் அரையணா அதற்குத்தான். ஜனங்களும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

மூக்கம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை. நாள் முழுக்கக் களையெடுத்தால் அவளுக்குக் கூலி இரண்டணா. வீட்டில் சண்டை முற்றியபோது சுருளி சொன்னது ஒன்றே ஒன்று.

"ஒருக்கா எங்கூட வந்து கேளு. அப்பறமாத் திட்டு."

"காப்பியக் குடிப்பாகளா, கேப்பாகளா?" என்று முறைத்தவள், இன்று கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

ஞானசிகாமணி எழுந்து நின்றார். "வாங்க சுருளியண்ணே. கூட வந்துருக்கது மதினியா? வாங்க மதினி, உக்காருங்க."

மூக்கம்மாள் சட்டென்று தரையில் உட்காரப் போனாள். சுருளி அவசரமாக அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். பட்டிக்காட்டுப் பெண், பெஞ்சைக் கண்டிருக்கமாட்டாள் என்று ஞானசிகாமணி நினைத்துக்கொண்டார்.

"குடிங்க மதினி, ஆறிரப் போகுது."

டம்ளரை வாங்கிய மூக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க" என்று கணவர் காதில் கிசுகிசுத்தாள். சுருளிக்குச் சிரிப்பு வந்தது. இனி ஓரணாவுக்காக வீட்டில் சண்டை வராது.

அப்போதுதான் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய தன் ஊர்ப் பண்ணையாரைப் பார்த்ததும் சுருளி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பின்னால வழி இருக்காய்யா?" என்றார் சன்னமாக.

"இங்கன ஏதுண்ணே, ஒரே வாசல்தேன். எதுக்கு?"

சுருளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"வாங்க, வாங்க" என்று ஞானசிகாமணி புது ஆளுக்கும் பெஞ்சைத் துடைத்தார். பட்டுக்கரைத் துண்டும் கைத்தடியுமாக இருந்த அவர் உட்காராமலே கேட்டார்.

"எதுத்தாப்புல அரையணாங்குறாக. இங்கன ஓரணாவா? அப்பிடி என்னய்யா இருக்கு ஒங் காப்பியில?"

இந்தக் கேள்விக்கு ஞானசிகாமணி தானே பதில் சொல்கிற வழக்கமில்லை. வாடிக்கைக்காரரைச் சொல்லவைப்பார். அதுதான் எடுபடும்.

"அத நாஞ் சொல்லப்படாது. இந்தா, நம்ம சுருளியண்ணன் இருக்காக. அவுகளே சொல்லுவாக" என்று பெருமையாகக் கைகாட்டினார்.

சுருளி மனைவியைப் பார்த்தார். மூக்கம்மாள் எப்போதோ பெஞ்சை விட்டு எழுந்திருந்தாள்.

வந்தவர் சாவகாசமாகத் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"ஏலே சுருளி, செருப்பக் கழட்டு."