படிக்கட்டுக் கவிதை

"வந்துவிட்டேன்... வந்துவிட்டேன்..."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். முதலில் கிசுகிசுப்பாக. பிறகு தொண்டைக்குள்ளே உறுமலாக. அப்புறம் யாரையோ பறிகொடுத்த மாதிரி இழுத்து இழுத்து.

இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவன், கடையைச் சாத்திவிட்டு வர இன்னும் நேரமிருந்தது. புதிதாகக் குடிவந்த வீடு. தோளில் கைக்குழந்தை. வீட்டில் அவள் மட்டும்தான்.

அடுப்படியில் கைக்குக் கிடைத்த இடுக்கியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

படிக்கட்டில் மாடி வீட்டுத் தையற்காரம்மாவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள். இடுக்கியைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கினாள்.

"அக்கா, நான்தான். பயந்துட்டீங்களா?"

"பயமா, எனக்கா? அடுப்புல வேலையா இருந்தேன்." இடுக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கவிதை ஒப்பிக்கிற போட்டி அக்கா. தேசிய அளவுல நடக்குது. தாளைப் பாக்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது. எல்லாத்தையும் குரல்லயே காட்டணும். இது மழை பேசற மாதிரி ஒரு கவிதை."

"மழையா? நான் பேய்..." மீதியை விழுங்கிக்கொண்டாள். "உங்க வீட்ல சொல்லிப் பார்க்க இடமில்லையா?"

"அம்மாவோட தையல் மிஷின் சத்தத்துல மழை எடுபடாதுக்கா. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கவிதை சொல்லணும். இது ரெண்டாவது சுற்றுக்கு."

"என்னவோ பண்ணு. குழந்தை தூங்கணும்."

அன்றிலிருந்து இருட்டினால் போதும், படிக்கட்டில் மழை பிடித்துக்கொள்ளும். குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. அவளுக்குத்தான் மொத்தக் கவிதையும் மனப்பாடமாகிவிட்டது. பால்புட்டி கழுவும்போது வாய் தானாக முணுமுணுத்தது. அது வேறு எரிச்சல்.

எதிர்வீட்டு அம்மாள்தான் ஒருநாள் திரியைக் கொளுத்திப் போட்டாள்.

"கவனிச்சியா நீ? கவிதை சொல்லிக்கிட்டே ஜன்னல் வழியா எட்டி எட்டித் தெருவைப் பாக்கறா. வண்டிச் சத்தம் கேட்டா பாதியில நிறுத்திடறா."

"சின்னப் பொண்ணு. காத்து வாங்கறாளோ என்னவோ."

"காத்து வாங்கற வயசா இது? காத்துக்கிட்டு நிக்கற வயசு."

அன்று மாலை கதவிடுக்கு வழியாக இவளும் பார்த்தாள். உண்மைதான். நாலு வரி சொல்வதற்குள் நாலு தடவை தெருவை எட்டிப் பார்த்தது அந்தப் பெண்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சுற்றுக்குச் சுற்று புதுக் கவிதை என்றாளே? மாதம் ஒன்றாகப் போகிறது, இன்னும் அதே மழைதானே பெய்கிறது?

கதவைத் திறந்தாள். "ஏண்டி, உன் போட்டி இன்னும் முடியலையா?"

"இறுதிச் சுற்று... இருக்குக்கா." பதில் வந்தது, முகம் மட்டும் நிமிரவில்லை. பொய் சொல்லிப் பழகாத முகம்.

இரவெல்லாம் அவளுக்கு அதே யோசனை. அவள் அம்மாவிடம் சொன்னால் கோள் சொன்னதாகிவிடுமோ என்று ஒரு பக்கம் உறுத்தியது. நாளைக்குத் தன் மகள் இப்படி நின்றால், பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி போய்விட்டால் என்ன ஆவது என்று இன்னொரு பக்கம்.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறினாள்.

"வாங்கம்மா. பாப்பாவுக்குச் சட்டையா?" என்றாள் தையற்காரம்மா, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தபடி.

"இல்லக்கா, உங்க பொண்ணு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க. போட்டி போட்டின்னு தினமும் படிக்கட்டுல நிக்கறாளே..."

"போட்டியா? அதுல தோத்துப்போய் மூணு வாரம் ஆச்சேம்மா. மேடையில நடுவுல ஒரு வரி மறந்துட்டா. ரெண்டு நாள் யார் கூடவும் பேசல."

அவளுக்குத் திக்கென்றது. நினைத்தது சரியாகப் போயிற்றே என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் எட்டிப் பார்த்தது.

"அப்ப யாருக்காகக்கா தினமும் தெருவையே பாத்துக்கிட்டு நிக்கறா?"

தையற்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. உங்க வீட்டுக்காரருக்காகத்தாம்மா."

இடுப்பிலிருந்த குழந்தை நழுவப் பார்த்தது.

"அவர் வண்டி வந்ததும் மேல ஓடி வந்துடுவா. 'கீழ் வீட்டு அக்கா தனியா இருக்க ரொம்பப் பயப்படறாங்கம்மா. துணைக்கு வரட்டுமான்னா ஒத்துக்க மாட்டாங்க. போட்டின்னு சொன்னா திட்டிக்கிட்டே விட்டுடுவாங்க'ன்னா. தோத்த கவிதையைத் தினமும் சொல்றது அவளுக்கும் கஷ்டம்தான். உங்ககிட்ட வேற எதைச் சொல்லிக்கிட்டு நிப்பா?"

அவள் குழந்தையோடு இறங்கி வந்தாள்.

இருட்டியதும் படிக்கட்டில் மழை ஆரம்பித்தது. அவள் கதவைத் திறந்தாள்.

"சத்தமா இருக்காக்கா? மெதுவா சொல்றேன்."

"சத்தத்தை விடு. நடுவுல ஒரு இடத்துல தடுமாறறே. இறுதிச் சுற்றுல இப்படித் தடுமாறினா என்ன ஆகும்?"

அந்தப் பெண் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"உள்ள வந்து உட்கார்ந்து சொல்லு. மறந்தா நான் எடுத்துக் குடுக்கறேன்."

"பரவாயில்லக்கா, நான் இங்கயே..."

"வாடின்னா. கொசு பிடுங்குது."

எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. இருட்டில் ஒரு மூக்குக் கண்ணாடி பளபளத்தது.

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.