மாலாவின் கால்கள்

மூத்த புள்ளி, வருகிற எழுத்துகள் உட்கார மனைப்பலகைகளைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் பேர் தேடுகிறவர்கள், எந்த எழுத்தென்று தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு எழுத்து. அன்று ஒரு பச்சைப்பிள்ளைக்காரி தன் மகளுக்கு இரண்டெழுத்துப் பேர் தேடி, இரண்டு புள்ளி வைத்திருந்தாள்.

முதலில் மாலா வந்தாள். ஏதாவது ஒரு பிள்ளைக்குப் பேராகிவிட மாட்டோமா என்று வெகுகாலமாக ஏங்கியவள். ம உட்கார்ந்தது. ல வருவதற்குள், ம-வின் துணைக்கால் அடுத்த மனையில் உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, அது என் கால்! கழற்றி வச்சிட்டா வர முடியும்?"

"எனக்குத் தெரியாதாடி? இந்த மெஷின் காலையும் ஒரு ஆளுன்னுல்ல எண்ணுது! உன்னை நாலு பேருங்குது. வெளியே நில்லு தாயி."

அடுத்து வந்த பூ ஒற்றை எழுத்துதான். மெஷின் அவளுடைய ஊகார வாலை இன்னொரு ஆளாக எண்ணி உள்ளே விட்டது.

"அநியாயமே! ஒருத்தி ரெண்டு மனையில உட்கார்றா!" என்று மூத்த புள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளைக்காரி திரையைப் பார்த்து, "பூ... பூ..." என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்துடாதேம்மா!" என்று புள்ளி கத்தினாள்.

உள்ளறையிலிருந்து புருஷன் குரல் கேட்டது. "ஏம்மா, பூ அழுறா, சீக்கிரம் வா!"

பிள்ளைக்காரி எழுந்தாள்.

"இரும்மா, இன்னும் ரெண்டே ரெண்டு புள்ளி வச்சா மாலாவும் உள்ளே வந்துடுவா!" என்று புள்ளி அவள் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.