இரண்டு ஷிப்ட், ஒரு தலையணை

விடிந்ததும் விடியாததுமாக, கருணாகரன் தலையணையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தான்.

உறையின் ஒரு மூலையில் மஞ்சளாகக் காய்ந்த சளி. அதன் நடுவே பழுப்பு ரத்தம்.

நெய்வேலி நிலக்கரித் தூசியில் யார் மூக்கைச் சிந்தினாலும் கறுப்பாகத்தான் வரும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் இது வேறு.

அவன் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் நாயகி இருமினால் வெள்ளைக் கைக்குட்டையில் ரோஜா இதழாக ரத்தம் விழும். அந்த அழகான நோய்க்காக ஏங்கியதுகூட உண்டு. இதில் ரோஜாவும் இல்லை, கைக்குட்டையும் இல்லை.

விடுதியில் ஆள் அதிகம், கட்டில் குறைவு. பகல் ஷிப்ட் கருணாகரன் இரவில் படுப்பான். இரவு ஷிப்ட் கொளஞ்சியப்பன் பகலில் அதே கட்டிலில் படுப்பான். இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதே அபூர்வம்.

பல்ப் போன அறை. இரவில் தடவித்தான் படுக்க வேண்டும். காலையில் கண் விழித்தால் தன் கன்னத்தில் அடுத்தவன் கறை. தோல் எரியும்வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பான். கொளஞ்சியப்பனின் சட்டை தொங்கும் ஆணிப் பக்கம்கூட இப்போதெல்லாம் திரும்புவதில்லை.

நாற்றம்தான் கொடுமை. அது கட்டிலோடு நிற்கவில்லை. சுரங்கத்துக்கும் கூடவே வந்தது. கேன்டீன் சாம்பாரிலும் அதே அழுகல் வாடை.

கறை படாமலிருக்கச் சுவரோரம் ஒருக்களித்தே படுத்ததில் வலது கன்ன எலும்பு விண்ணென்று தெறித்தது.

வாட்ச்மேன் லூர்துசாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். கருணாகரன் தலையணையை அவர் முன் நீட்டினான்.

“இதப் பாருங்க. இனிமே அந்தாளோட ஒரே கட்டில்ல என்னால முடியாது. அவன வெளிய அனுப்புங்க, இல்ல நான் போறேன்.”

லூர்துசாமி தலையணையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தார்.

“அவரு போன வாரமே பெட்டிய எடுத்துக்கினு வேற பிளாக்குக்குப் போய்ட்டாருங்க தம்பி. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்பட்டாரு. தலகாணியில இருந்ததப் பாத்துட்டு டாக்டர்கிட்டயே போயி கேட்டிருக்காரு. ஒத்த மூக்குல சீழும் ரத்தமும் வந்து நாறுச்சின்னா வச்சிக்கினு இருக்கக் கூடாதாம். ‘அந்தப் புள்ளய எப்படியாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவுடு’ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. எனக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

தூர நீட்டிப் பிடித்திருந்த தலையணையை, கறை வெளியே தெரியாதபடி, கருணாகரன் மெல்ல மார்போடு சேர்த்துக்கொண்டான்.