கடைசி உயிர்

விடிந்த பிறகு வேலையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள்.

உள்ளறையில் கணவனின் கிட்டார் பழைய வீடியோ கேம் மாதிரி ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டிருந்தது. காலடியில் இருந்த ஃபேசர் என்ற ஒலி மாற்றும் பெட்டியை அவன் திருகத் திருக, சத்தம் சுழன்று சுழன்று வந்தது.

“இன்னிக்கு ஒரு நாளாவது அதை நிறுத்துங்களேன். காது புளிச்சுப்போச்சு.”

“கேம் கம்பெனிக்காரன் சாயங்காலம் கேட்பான். ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி. என் வாசிப்பு உனக்கு என்னிக்குப் பிடிச்சுது?” என்று முணுமுணுத்தபடி அவன் கதவைச் சாத்தினான். அவள் அப்படியே அயர்ந்துபோனாள்.

அவன் பீப் ஒலிகளுக்கு நடுவே மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்டி, கடைசியில் ஃபேசரை அணைத்துவிட்டு, ஒரே சுரத்தை நேராக நீட்டினான்.

கதவு படாரென்று திறந்தது. அரைத் தூக்கத்தில் ஓடி வந்தவள் கிட்டாரை ஒதுக்கித் தள்ளி, அவனைத் தரையில் சாய்த்து, இரண்டு கைகளையும் கோத்து அவன் மார்பை அழுத்த ஆரம்பித்தாள்.

“டாக்டரைக் கூப்பிடுங்க, சீக்கிரம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இது நம்ம வீடு.”

அவள் விழித்துக்கொண்டாள். ஐ.சி.யூ.வில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் அவள். நோயாளியின் இதயத்துடிப்பு மானிட்டர் இப்படி இடைவிடாமல் கத்தினால் கால்கள் தாமாக ஓடும்.

“கேம்ல ஹீரோவோட கடைசி உயிர் போற சத்தம் அது,” என்றான் தயங்கியபடி.

அவனருகே தரையிலேயே உட்கார்ந்தாள். “அப்புறம் அவன் என்ன ஆவான்?”

“பட்டனை அழுத்தினா எழுந்துடுவான்.”

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

“ராத்திரி ஒரு பொண்ணுக்கு நானும் அழுத்தி அழுத்திப் பார்த்தேங்க. எழுந்திருக்கவே இல்ல.”