இன்னொரு படிவம்

பனி உருகி வாசல் தெரிந்த பிறகும் லோர்னாவின் வரிப்பணம் திரும்பி வரவில்லை. அதை நம்பித்தான் காருக்கு டயர் சொல்லியிருந்தாள். வந்தது கடிதம்தான்: ‘உங்கள் மகள் டெஸ்ஸின் பெயர் இன்னொரு வரிப் படிவத்திலும் இருக்கிறது. தெளிவாகும்வரை, பிள்ளையை வளர்ப்பவருக்கான வரிச் சலுகையும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணமும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.’

விவாகரத்தான கணவன் வெண்டெலுக்குப் போன் போட்டாள்.

“வளர்க்கிறது நான், சலுகை உனக்கா? வெட்கமா இல்ல?”

“சத்தியமா நான் அவ பேரைக் காட்டலை! என் படிவத்தை அனுப்பறேன், நீயே பாரு.”

அனுப்பினான். பிள்ளைகள் என்ற இடம் காலியாக இருந்தது. அப்படியென்றால் யார்?

பீட்சா கடைச் சீருடையோடு வந்த டெஸ் கடிதத்தைப் படித்துவிட்டு முழித்தாள்.

“அம்மா... அது என் படிவம்தான். சம்பளத்துல பிடிச்ச வரியைத் திரும்ப வாங்க நானே போட்டேன். ‘யார் பொறுப்பிலாவது இருக்கிறீர்களா?’ன்னு கேட்டிருந்துச்சு. ‘இல்லை’ன்னு போட்டுட்டேன்.”

“ஏன்டி?”

“பதினெட்டு வயசாச்சு. இன்னும் உனக்குப் பாரமா இருக்கேன்னு எழுத மனசு வரலைம்மா.”

லோர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திருத்தம் போட்டால் தீர்ந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அடி அசடே, நீ பாரமா இருந்தாத்தான்டி நமக்குக் காசே வரும்!”