தலைவர் வைக்கும் பெயர்

மகளுக்குத் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்பதில் விஜயகுமார் பிடிவாதமாக இருந்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் தன் ஜீப்பில் கட்சிக்கொடியை ஒருநாளும் கழற்றாதவன் அவன்.

பிள்ளை பிறந்தபோது தலைவர் வெறும் வேட்பாளர். "ஜெயிச்சதும் வந்து வைக்கிறேன்ப்பா," என்றார்.

ஜெயித்தார். "பதவியேற்பு முடியட்டும்," என்றார். மந்திரியும் ஆனார். அவர்கள் ஊரான போடிக்கு வருவதாகச் சொன்ன தேதி மட்டும் தள்ளித் தள்ளிப் போனது.

"புள்ள நடக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் பாப்பா பாப்பான்னே கூப்பிட்டுக்கிட்டுத் திரியிறோம். நாமளே ஒரு பேர வச்சிருவோம்," என்றாள் அவன் மனைவி பவித்ரா.

"மந்திரி வாயால பேரு வாங்குற யோகம் யாருக்குடி வாய்க்கும்? கொஞ்சம் பொறு."

கடைசியில், குரங்கணிச் சாலைத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தேவிட்டார். பெயர் வைக்கச் சொல்லிக் கைக்குழந்தைகளோடு பலரும் மேடையோரம் நின்றார்கள். விஜயகுமார் கூட்டத்துக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றான். பவித்ரா மட்டும் மேடையேறினாள்.

அமைச்சர் அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம விஜயகுமாரு சம்சாரந்தான? ரொம்பக் காக்க வச்சிட்டேன், கோவிச்சுக்காதம்மா. எங்க பாப்பா? இங்க கொண்டா," என்று இரு கைகளையும் நீட்டினார்.

பவித்ரா கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"காய்ச்சல்ல போயிருச்சுய்யா. போன வாரம்தான் பொதச்சோம். பாப்பான்னு சொல்லி அழுதா, தெருவுல வெளையாடுற புள்ளைக எல்லாம் திரும்பிப் பாக்குதுக. ஒரு பேரு மட்டும் சொல்லுங்கய்யா. எம் புள்ளையப் பேரு சொல்லி அழணும்."