ஆறு வாரப் பாசி

“உங்க மீனுங்களுக்கு யாரோ திருட்டுத்தனமா தீனி போடுறாங்க, அண்ணே.”

மீன் தொட்டியைப் பராமரிக்க வரும் தொட்டிக்காரர், இதைச் சொல்லிவிட்டு, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்தார். விரல்களில் பச்சைப் பாசி தலைமுடியைப் போலத் தொங்கியது.

வீட்டுக்காரர் ஒரு பஸ் டிரைவர்; சீருடையைக்கூடக் கழற்றாமல், பாசி சுரண்டும் பிளேடுடன் பக்கத்தில் நின்றிருந்தார். காலை பஸ்ஸுக்கும் மாலை பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வருவார். வந்ததும் நேராக இந்த அறை, இந்தத் தொட்டி. ஒரு மேசைக்குள் அடங்கிவிடுகிற குட்டிக் கடல். திரைச்சீலை மூடியிருந்ததால் தொட்டியின் நீல வெளிச்சம் கூரையெங்கும் மெல்ல அலையடித்தது. மோட்டாரின் முணுமுணுப்பில் சுவர், அலமாரி, கட்டில், கட்டிலில் கண் திறந்தபடி படுத்திருந்த அவர் மனைவி, எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றியது.

தொட்டி அவளுடையது. நகத்தளவு பவளத் துண்டுகளை வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தவள். விடுமுறை நாளில் படுக்கையை விட்டு எழாமலே மீனுக்குத் தீனி போடுகிற சோம்பேறி என்று அவர் கேலி செய்வார். ஏழு மாதத்துக்கு முன் அவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பேச்சும் அசைவும் போயின. நினைவும் இல்லை என்று டாக்டர்கள் எல்லா சோதனையும் செய்துவிட்டுச் சொன்னார்கள்.

கட்டிலைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. அதனால் தொட்டியைப் பார்த்தார். அவள் எழுந்து பார்க்கும்போது ஒரு பவளம்கூடக் குறைந்திருக்கக் கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். இப்போது அந்தப் பவளங்களைத்தான் பாசி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது.

“விளக்கைக் குறைச்சாச்சு. நத்தை விட்டாச்சு. வாரம் தவறாம தண்ணி மாத்துறேன். தினமும் கண்ணாடியைச் சுரண்டுறேன். நீங்கதானே போன வாரம் சோதிச்சுப் பார்த்துட்டு, தண்ணி சுத்தமா இருக்குன்னீங்க?”

“சோதனையில ஒண்ணும் தெரியலைன்னா, ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்லண்ணே. கூடுதல் தீனியில வர்ற சத்தையெல்லாம் பாசி அப்பப்போ தின்னு தீர்த்துடுது. அப்புறம் சோதனையில எங்க தெரியும்?” தொட்டிக்காரர் விளிம்பில் மாட்டியிருந்த தீனி மெஷினைத் திறந்து காட்டினார். “மூணு மாசத்துக்குப் போட்டு வெச்சேன். ஆறே வாரத்துல அடி தெரியுது.”

ஆறு வாரம். டிரைவரின் பார்வை மெதுவாக நர்ஸின் பக்கம் திரும்பியது. அவள் வேலைக்குச் சேர்ந்து சரியாக ஆறு வாரம்.

நர்ஸ் கட்டிலருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதிர்ந்து பேசாத பெண். படுத்தே கிடந்தால் விரல்கள் மடங்கி இறுகிவிடும் என்று, வந்த அன்றே மேசை இழுப்பறையைத் துழாவி எதையோ எடுத்து, துணி சுற்றி, நோயாளியின் கையில் பிடிக்கக் கொடுத்தவள். அந்த அக்கறையெல்லாம் இப்போது டிரைவரின் நினைவுக்கு வரவில்லை.

“மெஷின் மேல இருக்கிற பொத்தானை அழுத்தினா தீனி விழும். அழுத்துறது நீங்கதானே, சிஸ்டர்?”

“நான் அதுகிட்டகூடப் போறதில்ல சார். அது பாட்டுக்குச் சுத்துது. நீங்க வெச்ச நேரம்னு நினைச்சேன்.”

“நான் வெச்சது காலையில ஒரே ஒரு தடவை.”

“நீங்க சாயங்கால வண்டிக்குக் கிளம்புவீங்கல்ல, அப்பவும் சுத்தும் சார். சில நாள் ரெண்டு தடவைகூட.”

“நான் போறது வர்றதெல்லாம் மெஷினுக்குத் தெரியுமா? என் காதுல பூ சுத்தாதீங்க.” அவர் தொட்டிக்காரரைப் பார்த்தார்.

தொட்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “மெஷின்ல கோளாறு இல்லண்ணே. பிரிச்சே பார்த்துட்டேன்.”

“அவ கையால வளர்த்தது இது. எனக்குன்னு மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான், சிஸ்டர்.” டிரைவர் பிளேடை மேசையில் வைத்தார். “நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்.”

நர்ஸ் மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

டிர்ர்ர்.

தீனி மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது. மஞ்சள் தூள் நீலத் தண்ணீரில் மிதந்து மிதந்து இறங்க, கோமாளி மீன்கள் இரண்டும் அவசரமே இல்லாமல் மேலே வந்தன. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெஷின் பக்கத்தில் ஒரு கையும் இல்லை.

“நான் தொடலண்ணே,” என்றார் தொட்டிக்காரர், ஈரக் கைகளைத் தூக்கிக் காட்டி. “இதுக்கு ஒரு ரிமோட் உண்டு. அண்ணிதான் வெச்சிருந்தாங்க. அது எங்க?”

“மேசை இழுப்பறையில கிடக்கும். அதை யாரு...”

“குட்டியா, ரப்பர் மாதிரி இருக்குமா சார்?” வாசலில் இருந்து நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

டிரைவர் ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தொட்டிக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். துணி சுற்றிய அந்தச் சின்ன உருண்டையின் மேல் மனைவியின் கட்டைவிரல் இருந்தது. அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டார்.

“நீயா?”

டிர்ர்ர்.

ஆறு வாரமாக அவள் தன்னைக் கூப்பிட்டதையெல்லாம், அவர் தினமும் பிளேடு வைத்துச் சுரண்டிக் கொட்டியிருக்கிறார்.